தலையாட்டினார், புரிந்துகொண்டாரா?



ஒரு மாத்திரை ஒரு முதியவரின் உடலில் வேலை செய்வதற்கு முன்பு பல கைகளைக் கடந்து வருகிறது. தயாரிக்கும் தொழிற்சாலை, எழுதிக் கொடுக்கும் மருத்துவர், எண்ணிக் கொடுக்கும் மருந்தாளுநர் என்று ஒவ்வொருவரும் தம் பங்கைச் செய்கிறார்கள். ஏழை ஒருவருக்கு அது இலவசமாகக் கிடைக்குமானால், உங்களைப் போன்ற யாரோ ஒருவருடைய காணிக்கையும் அதில் சேர்ந்திருக்கிறது. ஆனால் கடைசிப் படி ஒன்று உண்டு. இந்த மாத்திரை எதற்காக, எப்பொழுது, எவ்வளவு, எத்தனை நாள் என்பது அந்த முதியவருக்குத் தெரிய வேண்டும். அந்தப் படி தவறினால் முந்தின படிகள் யாவும் வீணாகும். சில வேளைகளில் நன்மைக்கென்று கொடுத்ததே தீமையாகவும் முடியும்.

இந்தப் பாடம் அந்தக் கடைசிப் படியைப் பற்றியது. இதைத் தனியாக வாசிக்கலாம். ஆண்கள் ஐக்கியம், பெண்கள் ஐக்கியக் கூட்டங்களில் பகுதி பகுதியாக வாசித்துக் கலந்து பேசவும் செய்யலாம். முடிவில் சில கேள்விகள் கொடுக்கப்பட்டுள்ளன.

1. எழுதப் படிக்கத் தெரிந்தால் போதுமா?

நாடு விடுதலை பெற்றபின் முதல் மக்கள்தொகைக் கணக்கு 1951ஆம் ஆண்டு எடுக்கப்பட்டது. அப்பொழுது இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 100 பேரில் ஏறத்தாழ 18 பேர்தான். பெண்களை மட்டும் எண்ணினால் 100க்கு 9 பேர்கூட இல்லை. இன்று 75, 80 வயதைத் தொட்டிருக்கும் நம் தாய்மார்கள் அந்தக் காலத்தில் பிறந்தவர்கள். உறையூரில் தறியிலும் சுருட்டுத் தொழிலிலும், காந்தி மார்க்கெட்டில் காய்கறிக் கூடையோடும் வாழ்நாளைக் கழித்த பலருக்குப் பள்ளிக்கூடம் எட்டாத இடமாகவே இருந்தது. பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991ல் தொடங்கிய அறிவொளி இயக்கம் ஏராளமான கிராமத்துப் பெண்களுக்கு எழுத்தைக் கற்றுக் கொடுத்தது. சைக்கிள் ஓட்டும் துணிவையும் கொடுத்தது. அது பெரிய காரியம். ஆனாலும் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டவர் மருந்துச் சீட்டையும் படித்துவிடுவார் என்று எண்ணிவிட முடியாது.

காவிரிப் பாலத்தைக் கடந்து ஸ்ரீரங்கத்துக்குள் போனால் நிலைமை வேறாகத் தோன்றும். சித்திரை வீதி, உத்திர வீதி வீடுகளிலும், புதிய அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், ரயில்வே ஊழியர்கள் பலர் வசிக்கிறார்கள். ஆங்கில நாளிதழைத் தலைப்பிலிருந்து கடைசி வரி வரைக்கும் வாசிக்கிறவர்கள் அவர்களுக்குள் உண்டு. இவர்களுக்கு என்ன கவலை என்று நாம் நினைப்போம். ஆனால் கவலை உண்டு. படித்தவர் என்பதாலேயே அவருக்கு யாரும் நிதானமாக விளக்கிச் சொல்வதில்லை. படித்தவர் என்பதாலேயே கேட்பதற்கு அவருக்கும் கூச்சம். பிள்ளைகள் பெங்களூரிலோ அமெரிக்காவிலோ இருப்பார்கள். இருதயத்துக்கு ஒரு மருத்துவர், சர்க்கரைக்கு ஒருவர், முழங்காலுக்கு ஒருவர் என்று மூன்று சீட்டுகள் மேஜையில் கிடக்கும். அந்த மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தவர் ஒருவரும் இருக்கமாட்டார்.

ஆகவே எழுத்தறிவு வேறு, உடல்நலத்தைப் பற்றிய அறிவு வேறு. சொன்னதைக் கேட்டு, புரிந்து, வீட்டுக்குப் போய்ச் சரியாகச் செய்வதும், சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது என்று தெரிந்திருப்பதும்தான் நாம் இங்கே பேசுகிற அறிவு. எழுத்து அறியாத ஒரு பாட்டியிடம் அது நிறைவாக இருக்கலாம். பட்டம் பெற்ற ஒரு தாத்தாவிடம் குறைவாக இருக்கலாம்.

2. சீட்டில் இருக்கும் மொழி

மருந்துச் சீட்டுக்கென்று ஒரு தனி மொழி இருக்கிறது. ஓ.டி. என்றால் நாளுக்கு ஒரு தரம். பி.டி. என்றால் இரண்டு தரம். டி.டி.எஸ். என்றால் மூன்று தரம். ஹெச்.எஸ். என்றால் படுக்கப் போகும்போது. எஸ்.ஓ.எஸ். என்றால் தேவைப்பட்டால் மட்டும். இவை லத்தீன் மொழியிலிருந்து வந்த குறிகள். 1-0-1 என்று எழுதியிருந்தால் காலையில் ஒன்று, மத்தியானம் இல்லை, இரவில் ஒன்று என்று பொருள். மருத்துவருக்கும் மருந்தாளுநருக்கும் இது விளங்கும். விழுங்க வேண்டியவருக்கு விளங்குமா?

அட்டையைத் திருப்பிப் பார்த்தாலும் பெரும்பாலும் ஆங்கிலம்தான். எழுத்தோ எறும்பைவிடச் சிறியது. கண்புரை உள்ள முதியவருக்கு அது வெறும் கோடு. இன்னொரு சிக்கல் வியாபாரப் பெயர். சர்க்கரை வியாதிக்குக் கொடுக்கப்படும் மெட்ஃபார்மின் என்ற ஒரே மருந்து பல நிறுவனங்களிடமிருந்து பல பெயர்களில், பல நிற அட்டைகளில் வருகிறது. அரசு மருத்துவமனையில் ஒரு பெயரிலும் வெளியில் வேறொரு பெயரிலும் அதே மருந்து கிடைத்தால், இரண்டையும் வெவ்வேறு மருந்து என்று எண்ணி இரட்டிப்பாகச் சாப்பிடுகிற ஆபத்து உண்டு. மருத்துவர்கள் மருந்தின் மூலப் பெயரைத் தெளிவாக, கூடுமானவரை பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சில் 2016ல் அறிவுறுத்தியதற்கு இப்படிப்பட்ட குழப்பங்களும் காரணமாய்ச் சொல்லப்படலாம்.

நேரத்திலும் குழப்பம் உண்டு. "காலை உணவுக்குப் பின்" என்று சீட்டில் எழுதுகிறோம். ஸ்ரீரங்கத்தில் பழைய வழக்கம் விடாத வீடுகளில் காலையில் காபி, பத்து மணிக்குச் சாப்பாடு, மூன்று மணிக்குப் பலகாரம், இரவில் இலேசாக ஏதாவது என்பதுதான் நடைமுறை. இந்த வீட்டில் காலை உணவு எது? காபியா, பத்து மணிச் சாப்பாடா? சாப்பாட்டுக்குச் சற்று முன் போட வேண்டிய சர்க்கரை மாத்திரையை ஆறு மணிக் காபியோடு போட்டுவிட்டுப் பத்து மணிவரை காத்திருந்தால், நடுவில் சர்க்கரை இறங்கி மயக்கம் வரலாம். எழுதியவர் மனதில் ஒரு கடிகாரம். சாப்பிடுகிறவர் வீட்டில் வேறொரு கடிகாரம். "நீங்கள் எத்தனை மணிக்கு என்ன சாப்பிடுவீர்கள்?" என்று முதலில் கேட்டிருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

1934ல் திருச்சியில் தொடங்கப்பட்ட ஜோசப் கண் மருத்துவமனையை அறியாதவர்கள் நம்மில் குறைவு. கண் சிகிச்சையிலும் இதே பாடம் உண்டு. கண் நீர் அழுத்தத்துக்கு, அதாவது குளுக்கோமாவுக்கு, கொடுக்கிற சொட்டு மருந்து பார்வையைக் கூட்டாது. இருக்கிற பார்வை போகாமல் காக்கத்தான் அது. இதைச் சொல்லாமல் கொடுத்தால், "ஒரு மாதம் விட்டேன், ஒன்றும் தெளியவில்லை" என்று முதியவர் நிறுத்திவிடுவார். போன பார்வை திரும்பாது. இரண்டு வகைச் சொட்டு மருந்து இருந்தால் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையில் ஐந்து நிமிடமாவது விட வேண்டும் என்பதும் சொல்லித்தான் தெரியும். உடனுக்குடன் விட்டால் இரண்டாவது சொட்டு முதலாவதைக் கழுவிவிடும்.

3. காதில் விழும் மொழி

பரிசோதனை முடிவு "நெகடிவ்" என்று சொன்னால் நமக்குச் சந்தோஷம், வியாதி இல்லை. ஆனால் நெகடிவ் என்றால் கெட்டது, பாசிடிவ் என்றால் நல்லது என்றுதானே பேச்சு வழக்கில் பழகியிருக்கிறோம்? நல்ல செய்தியைக் கேட்டு ஒரு முதியவர் அழுவதும், கெட்ட செய்தியைக் கேட்டு நிம்மதியாகப் போவதும் இந்த ஒரு சொல்லால் நடக்கக்கூடியவை. "வியாதி இல்லை" என்று சொல்லிவிட்டால் என்ன குறைந்துவிடும்?

"பிரஷர் நார்மலாக இருக்கிறது" என்பது இன்னொரு வாக்கியம். மாத்திரை சாப்பிடுவதால் நார்மலாக இருக்கிறது என்று மருத்துவர் நினைத்துச் சொல்கிறார். குணமாகிவிட்டது, இனி மாத்திரை வேண்டாம் என்று முதியவர் கேட்டுக்கொள்கிறார். காய்ச்சலுக்கு மூன்று நாள் மாத்திரை, குணமானால் நிறுத்தலாம் என்று வாழ்நாள் முழுவதும் பழகினவருக்கு, வலியும் இல்லாத, அடையாளமும் இல்லாத ஒரு வியாதிக்கு ஆயுள் முழுவதும் மாத்திரை என்பது எளிதில் விளங்காது. இரத்த அழுத்தம் வெளியே தெரியாமலே இருதயத்தையும் மூளையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கிறது என்பதை ஒரு தரமல்ல, ஒவ்வொரு தரமும் சொல்ல வேண்டும்.

நம் மக்களுக்கு உடலைப் பற்றிப் பேசத் தங்கள் சொந்தச் சொற்கள் இருக்கின்றன: சூடு, பித்தம், வாயு. இவற்றைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. ஆனால் எங்கே ஆபத்து மறைந்திருக்கிறது என்று அறிந்திருக்க வேண்டும். நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, வியர்வை, மூச்சு வாங்குதல் ஆகியவை வந்தால் "வாயுப் பிடிப்பு" என்று சொல்லிச் சோடாவும் இஞ்சிச் சாறும் குடித்துவிட்டு விடியும்வரை காத்திருக்கிறார்கள். அது மாரடைப்பாக இருந்தால் அந்த ஓரிரவு உயிரையே எடுத்துவிடும். முதியவர்களுக்கும் சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கும் வலியே இல்லாமல் வியர்வையும் களைப்பும் மட்டும் வருவதும் உண்டு. "புதிதாக வந்த வாயு, வியர்வையோடு வந்த வாயு, வாயு அல்ல" என்று சொல்லிக் கொடுத்தால் அது மனதில் நிற்கும்.

வாய் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை தூக்க முடியாமை, பேச்சுக் குழறல் ஆகிய மூன்றும் பக்கவாதத்தின் அடையாளங்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக முதல் நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். "தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்" என்ற வார்த்தை அந்த நேரத்தைத் தின்றுவிடும். 2008 முதல் நம் மாநிலத்தில் 108 ஆம்புலன்ஸ் ஓடுகிறது. அந்த மூன்று எண்ணைச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

காது மந்தமானவர்களிடம் கத்திப் பேசுவதால் பயனில்லை. வயதாகும்போது முதலில் குறைவது கிறீச்சென்ற உயர்ந்த ஓசைகளைக் கேட்கும் திறன். ஆகையால் முகத்துக்கு நேரே உட்கார்ந்து, வெளிச்சம் நம் உதட்டில் விழும்படி, தாழ்ந்த குரலில், மெதுவாகப் பேச வேண்டும். கூட்டம் நிறைந்த வெளிநோயாளர் பகுதியில், மின்விசிறி இரைச்சலுக்கு நடுவில் சொன்னது பாதி கேட்டிருக்காது. கேட்கவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு அவர் தலையாட்டிவிடுவார்.

4. ஏகாதசியும் உபவாச ஜெபமும்

ஸ்ரீரங்கத்தில் முதியோருக்கு மருத்துவ உதவி செய்ய நினைக்கிறவர் பஞ்சாங்கத்தையும் பார்க்க வேண்டும். மாதத்துக்கு இரண்டு ஏகாதசி. அன்றைக்குச் சோறு கிடையாது. சிலர் பாலும் பழமும் எடுத்துக்கொள்வார்கள். சிலர் தண்ணீரோடு நிறுத்திக்கொள்வார்கள். மறுநாள் துவாதசிக் காலையில் அகத்திக் கீரை, நெல்லிக்காயோடு பாரணை. மார்கழியில் வைகுண்ட ஏகாதசி என்றால் நள்ளிரவு முதல் வரிசையில் நின்று சொர்க்க வாசல் கடந்து வருகிற மூத்தவர்கள் எத்தனையோ பேர்.

இப்படி விரதம் இருக்கிறவர் சர்க்கரை வியாதிக்கு கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவராக இருந்தால் என்ன ஆகும்? உணவு இல்லை, மருந்து மட்டும் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, தடுமாற்றம் வரும். முதியவர்களிடம் குழப்பமும் தூக்கமும் மட்டும் தெரிவதால் "வயசாயிடுத்து, அசதி" என்று வீட்டார் விட்டுவிடக்கூடும். இதற்கு நேர்மாறாக, விரதம் என்பதால் எல்லா மாத்திரையையும், இரத்த அழுத்த மாத்திரையையும் சேர்த்து, நிறுத்திவிடுகிறவர்களும் உண்டு. இரண்டும் ஆபத்து.

இதை ஸ்ரீரங்கத்துக்கு மட்டும் உரியது என்று நினையாதீர்கள். லெந்து நாட்களிலும், புனித வெள்ளியிலும், மாத உபவாச ஜெபத்திலும் நம் சபை மூத்தவர்களும் இதையேதான் செய்கிறார்கள். விரதம் இருப்பதை அவர் மருத்துவரிடம் சொல்வதில்லை; திட்டுவார் என்று பயம். மருத்துவரும் கேட்பதில்லை. ஆகவே அவரைக் கண்டிக்காமல், "எந்தெந்த நாளில் சாப்பிடாமல் இருப்பீர்கள்?" என்று அன்போடு கேட்பதே தொடக்கம். விரத நாளில் எந்த மருந்தைக் குறைப்பது, எதை நிறுத்துவது, எதை விடாமல் போடுவது என்று முன்னதாகவே மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளலாம். தாமாக முடிவு செய்யக் கூடாது. சர்க்கரை இறங்கிய அடையாளம் தெரிந்தால், நினைவோடு இருப்பவருக்கு மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். உடனே 108ஐ அழையுங்கள்.

5. மானிப்பாய் மருத்துவர் காட்டிய வழி

இன்னொருவருக்குப் புரியும்படி மருத்துவத்தைச் சொல்வது யாருடைய பொறுப்பு? இந்தக் கேள்விக்குத் தமிழ் கூறும் நிலத்தில் ஒருவர் ஏற்கெனவே பதில் சொல்லிப் போயிருக்கிறார். அவர் டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன். 1822ல் அமெரிக்காவில் பிறந்து, 1847ல் அமெரிக்க மிஷன் மருத்துவராக இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணத்து மானிப்பாயில் ஊழியம் செய்தவர்.

அவர் முதலில் மாணவர்களுக்கு ஆங்கிலத்திலேயே மருத்துவம் கற்றுக் கொடுத்தார். பிறகு ஊர் மக்களுக்குப் பயன்பட வேண்டுமானால் அவர்கள் மொழியிலேயே கற்பிக்க வேண்டும் என்று கண்டு, 1860களில் தமிழுக்கு மாறினார். உடற்கூறு, அறுவை மருத்துவம், பிரசவ மருத்துவம் முதலிய துறைகளின் ஆங்கில நூல்கள் அவராலும் அவருடைய மாணவர்களாலும் தமிழில் வந்தன. எலும்புக்கும் நரம்புக்கும் மருந்துக்கும் தமிழ்ச் சொற்களைத் தேடித் தொகுத்தார். 1873ல் தாய்நாடு திரும்பின பிறகும் மொழிபெயர்ப்பு வேலையை விடவில்லை. 1884ல் காலமானார்.

அந்தக் காலத்தில், நோயாளி ஆங்கிலம் கற்றுக்கொண்டு வரட்டும் என்று சொல்லியிருந்தால் யாரும் அவரைக் குறை கூறியிருக்கமாட்டார்கள். ஆனால் மொழியின் பாரத்தை வியாதியஸ்தர்மேல் வைக்காமல் வைத்தியன்மேல் வைத்தார் கிறீன். இந்தப் பாடத்தின் மையம் அதுதான். முதியவருக்குப் புரியவில்லை என்றால், அவர் இன்னும் கவனமாகக் கேட்டிருக்க வேண்டும் என்பதல்ல. நாம் இன்னும் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும் என்பதே.

6. திரும்பச் சொல்லக் கேட்டல்

அப்படியானால் புரிந்ததா என்று எப்படி அறிவது? "பாட்டி, புரிஞ்சுதா?" என்று கேட்டால், "புரிஞ்சுதும்மா" என்று பதில் வரும். நர்ஸம்மாவின் மனம் நோகக் கூடாது, வரிசையில் பின்னால் பத்துப் பேர் நிற்கிறார்கள், பஸ் போய்விடும். அந்தப் பதிலில் மரியாதை இருக்கிறது. புரிதல் இருக்கிறதா என்று தெரியாது. வெளியூரிலிருந்து மகன் தொலைபேசியில் "அப்பா, மாத்திரை போட்டுண்டாச்சா?" என்றால் "ஆச்சு" என்று ஒரே சொல்லில் முடிந்துவிடும். எந்த மாத்திரை என்று மகனுக்கும் தெரியாது.

மறதியும் சாதாரணமானது. நெதர்லாந்து நாட்டு ஆய்வாளர் ராய் கெஸல்ஸ் 2003ல் முந்திய ஆய்வுகளைத் தொகுத்து எழுதினார். மருத்துவர் சொன்னதில் 40 முதல் 80 சதவீதம் வரை நோயாளிகள் உடனே மறந்துவிடுகிறார்கள். நினைவில் நின்றதிலும் ஏறத்தாழப் பாதி தவறாக நிற்கிறது. எவ்வளவு அதிகம் சொல்கிறோமோ அவ்வளவு அதிகம் மறக்கிறது என்பவை அதில் அடங்கும். ஆகவே ஒரே நேரத்தில் பத்துக் காரியங்களைச் சொல்வதைவிட, முக்கியமான மூன்றைச் சொல்லி நிறுத்துவது நல்லது.

சொல்லி முடித்தபின் இப்படிக் கேளுங்கள்: "பாட்டி, நான் சரியாகச் சொன்னேனா என்று எனக்குத் தெரியணும். வீட்டுக்குப் போனதும் மருமகளிடம் இந்த மாத்திரையைப் பற்றி என்ன சொல்வீங்க?" இந்தக் கேள்வியில் சோதிக்கப்படுகிறவர் பாட்டி அல்ல, சொன்னவர். பாட்டியின் மானம் காக்கப்படுகிறது. அவர் தம் சொற்களில் திரும்பச் சொல்லும்போது எங்கே வழுவிற்று என்று தெரிந்துவிடும். அந்த இடத்தை மட்டும் வேறு விதமாகச் சொல்லி, மறுபடியும் கேட்க வேண்டும். சொட்டு மருந்தும் இன்சுலின் ஊசியும் என்றால், வாயால் சொன்னால் போதாது. கையால் செய்து காட்டச் சொல்ல வேண்டும்.

வேதாகமம் வாசிக்கிற நமக்கு இது புதிதல்ல. நெகேமியாவின் புத்தகம் எட்டாம் அதிகாரத்தில், எஸ்றா நியாயப்பிரமாணத்தை வாசித்தபோது லேவியர் ஜனங்களுக்கு அதன் பொருளை விளக்கிக் கொடுத்தார்கள். வாசித்ததோடு வேலை முடிந்தது என்று அங்கே ஒருவரும் எண்ணவில்லை. ஜனங்கள் விளங்கிக்கொண்ட பின்பே அது முடிந்தது.

7. மஞ்சள் பையும் அஞ்சறைப் பெட்டியும்

இனி நாம் செய்யக்கூடிய சில எளிய காரியங்கள். இவற்றுக்கு மருத்துவப் பட்டம் வேண்டியதில்லை.

மஞ்சள் பை: வீட்டில் இருக்கிற எல்லா மருந்தையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு, அடுத்த முறை மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ எடுத்துச் செல்லச் சொல்லுங்கள். சீட்டில் உள்ளவை, கடையில் தாமே வாங்கிய வலி மாத்திரை, நாட்டு மருந்து, பக்கத்து வீட்டார் கொடுத்தது, போன வருடத்தில் மிஞ்சியது எல்லாம் அதில் இருக்க வேண்டும். ஒரே மருந்து இரண்டு பெயரில் இருப்பது அப்பொழுதுதான் வெளிப்படும். மூட்டு வலிக்கென்று கடையில் வாங்கும் டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகள் இரத்த அழுத்தத்தைக் கூட்டி, சிறுநீரகத்தையும் கெடுக்கக் கூடியவை என்பதையும் அங்கே சொல்லலாம்.

அஞ்சறைப் பெட்டி: கடுகு எங்கே, வெந்தயம் எங்கே என்று நம் தாய்மார்கள் பார்க்காமலே எடுப்பார்கள், இடம்தான் அவர்களுக்கு எழுத்து. மருந்தையும் அப்படியே காலைக்கு ஒரு டப்பா, மத்தியானத்துக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என்று பிரித்து, மேலே உதிக்கிற சூரியன், உச்சிச் சூரியன், நிலா என்று படம் வரைந்து வைக்கலாம். மாத்திரையை அட்டையிலிருந்து பிரிக்காமல், அட்டையோடு வெட்டி வைப்பது நல்லது. பேரப்பிள்ளைகள் கைக்கு எட்டாத இடமாக இருக்க வேண்டும்.

ஒரே தாள்: வியாதியின் பெயர், மருந்தின் மூலப் பெயர், அளவு, ஒத்துக்கொள்ளாத மருந்து, பிள்ளைகளின் தொலைபேசி எண் ஆகியவற்றை ஒரே தாளில் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி, அடியில் மருத்துவருக்காக மருந்துப் பெயரை ஆங்கிலத்திலும் எழுதி வையுங்கள். அவசர நேரத்தில் அந்தத் தாள் பேசும்.

கூடப் போகிறவர்: மருத்துவமனைக்கு ஒருவர் துணையாகப் போகட்டும். ஆனால் அவர் முதியவருக்குப் பதிலாகப் பேசக் கூடாது. முதலில் முதியவர் பேசட்டும். விட்டுப்போனதைத் துணைவர் சொல்லட்டும். "இது எதற்கு? எவ்வளவு நாள்? போட மறந்தால் என்ன செய்வது?" என்ற மூன்று கேள்விகளைப் புறப்படும் முன்பே தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

உப்பு: "உப்பைக் குறையுங்கள்" என்றால் சாம்பாரில் குறைப்பார்கள், ஊறுகாய், அப்பளம், வடகம், கருவாடு ஆகியவை உப்பாகத் தோன்றாது. பொதுவாகச் சொல்லாமல் பெயர் சொல்லிச் சொல்லுங்கள்.

2021 ஆகஸ்டு மாதத்தில் தமிழக அரசு மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டத்தைக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கி, இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் உரிய மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்க வழி செய்தது. நடக்க முடியாத மூத்தவர்களுக்கு அது பெரிய உதவி. மாத்திரை வாசல்வரை வருகிறது. வாசலிலிருந்து மனதுக்குப் போகிற தூரத்தைக் கடக்க, உட்கார்ந்து பேச ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் மகளாக இருக்கலாம், பக்கத்து வீட்டுக்காரராக இருக்கலாம், ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் பின் வீடு சந்திக்கப் போகிற நீங்களாகவும் இருக்கலாம்.

கலந்து பேசுவதற்கு

1. நம் சபையில் தனியாக வசிக்கும் 70 வயதுக்கு மேற்பட்டவர்கள் யார் யார்? அவர்களுடைய மருந்துகளை ஒன்றாக வைத்துப் பார்த்தவர் யாராவது உண்டா?

2. உபவாச நாட்களில் நம் மூத்தவர்கள் மருந்தை என்ன செய்கிறார்கள்? இதை அறிவிப்பில் எப்படி அன்போடு சொல்லலாம்?

3. உங்கள் வீட்டு மருந்துச் சீட்டு ஒன்றை எடுத்து, அதில் உள்ளதைப் பத்து வயதுப் பிள்ளைக்கும் எண்பது வயதுப் பாட்டிக்கும் விளங்கும்படி தமிழில் சொல்லிப் பாருங்கள். எந்தச் சொல்லில் தடுமாறினீர்கள்?

4. "புரிந்ததா?" என்று கேட்காமல் புரிந்ததா என்று அறிய நீங்கள் எந்தக் கேள்வியைக் கேட்பீர்கள்?

இந்த வாரத்தில் ஒரே ஒரு மூத்தவர் வீட்டுக்குப் போங்கள். பழம் வாங்கிப் போவதானால் அவருக்குச் சர்க்கரை உண்டா என்று முன்னதாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து, மருந்துகளை ஒவ்வொன்றாக எடுத்து, "இது எதுக்குப் பாட்டி?" என்று கேளுங்கள். பதில் வரும்வரை காத்திருங்கள். தெரியவில்லை என்று அவர் சொன்னால், அதைக் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் கேட்டு வந்து, மறு வாரம் போய்ச் சொல்லுங்கள்.